மாத்திரை மாறியதும் ஏறிய சீனி

முக்கூடல் பக்கம் பீடி சுற்றிப் பிழைக்கிறேன். எச்.ஐ.வி. மாத்திரையைப் பல வருடமாக விடாமல் சாப்பிட்டு வருகிறேன். 2021 வாக்கில் திருநெல்வேலி ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியில் எச்.ஐ.வி. சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. சென்டரில், எஃபாவிரென்ஸ் சேர்ந்த பழைய மாத்திரைக்குப் பதிலாக டோலுடெக்ராவிர் சேர்ந்ததைக் கொடுத்தார்கள். ராத்திரி வரும் கிறக்கமும் கெட்ட கனவும் போய்விட்டன. நன்றாகப் பசித்தது. வைரல் லோடும், அதாவது ரத்தத்தில் இருக்கும் வைரஸின் அளவும், கண்டறிய முடியாத அளவிலேயே நின்றது. ஆனால் உடம்பு ஏறிக்கொண்டே போனது. பிறகு ரத்தம் எடுத்துப் பார்த்தால் வெறும் வயிற்றில் சர்க்கரை 168, ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 290.

பக்கத்து ஊர் தனியார் டாக்டர் ஒருவரிடம் சென்டரில் என் மாத்திரை விவரம் எழுதித் தந்த பச்சைப் புத்தகத்தையே கொண்டுபோய்க் கொடுத்தேன். அதைத் திறக்காமலே சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின் 1000 மில்லிகிராம், காலையும் இரவும் என்று எழுதினார். வயிறு தண்ணீராய்ப் போய், பீடி முறத்தை மடியில் வைத்து உட்கார முடியவில்லை. வீட்டில் பெரியவர்கள் ‘சோத்தக் கொறைட்டி’ என்றார்கள். சென்டர் வரிசையில் நின்ற ஓர் அக்கா, புது மாத்திரையை நிறுத்திப் பார்க்கச் சொன்னார். அதற்கு மட்டும் நான் இணங்கவில்லை. நிறுத்தினால் வைரஸ் திரும்பப் பெருகிவிடும்.

சென்டர் டாக்டரம்மாதான் பொறுமையாக விசாரித்தார். “அம்மா வீட்டுல யாருக்கும் சீனி இருக்கா?” அம்மா, பெரியம்மா, தாய்மாமா எல்லாருக்கும் உண்டு. “பழைய மாத்திரை போட்டப்ப ரொம்பத் தலை சுத்துச்சா?” எதற்கு அதைக் கேட்கிறார் என்று அப்போது புரியவில்லை. பிறகு அவரே விளக்கினார்.

எஃபாவிரென்ஸை ஈரலில் உடைப்பது சிஒய்பி2பி6 என்ற நொதி. அதற்கான மரபணு சிலருக்குப் பிறவியிலேயே மந்தமாக வேலை செய்யும். தென்னிந்தியர்களிடமும் இது அபூர்வமில்லை. அவர்களுக்கு மருந்து ரத்தத்தில் கூடுதலாகத் தங்கிவிடுவதால் கிறக்கமும் கனவும் அதிகம்; எடையும் ஏறாமல் அமுங்கிக் கிடக்கும். அந்த மருந்தை மாற்றியதும் அமுங்கிய எடை எழும்பிவிடும். இப்படி மாறியவர்களில் மந்த வகைக்காரர்களுக்கே எடை கூடுதலாக ஏறியதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்களாம். புது மருந்துக்கும் எடை கூட்டும் இயல்பு உண்டு. என் விஷயத்தில் குடும்பச் சீனியும் சேர்ந்துகொண்டது. அந்த மரபணுச் சோதனையை இங்கே வழக்கமாகச் செய்வதில்லை என்பதால், என் பழைய தலைசுற்றலை வைத்து இது அவருடைய ஊகம்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதுவரை எல்லாரும் என் சோற்றுத் தட்டைத்தானே குறை சொன்னார்கள்!

டோலுடெக்ராவிர் சாப்பிடும்போது மெட்ஃபார்மின் உடம்பைவிட்டு வெளியேறுவது குறையும், அதனால் ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று சொல்லி, அதையும் 500, 500 ஆக்கினார். வயிறு சரியானது. சர்க்கரை டாக்டரிடம் போகிறவர்கள் டோலுடெக்ராவிர் பெயரை வாய்விட்டே சொல்லிவிடுங்கள், புத்தகத்தைப் புரட்டுவார் என்று இருக்காதீர்கள்.

சாயங்காலம் ஆற்றங்கரை வரை நடக்கிறேன். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 8.1-லிருந்து 7-க்கு வந்திருக்கிறது. ட்ரைகிளிசரைடு இன்னும் பிடிவாதமாக நிற்கிறது. அடுத்த சோதனையிலும் இறங்கவில்லை என்றால் அதற்குத் தனி மாத்திரை பற்றிப் பேசலாம் என்றிருக்கிறார்.