சங்கிலி இல்லாமல் 12 அட்டைகள்

ஆள்கடத்தலுக்கு எதிரான நிதிக்காக ஓவியர்கள் அஞ்சலட்டை அளவில் வரைந்து கொடுக்கும் விற்பனை ஒன்றுக்கு என்னையும் கேட்டிருந்தார்கள். வரைவதையே தொழிலாகக் கொண்டவர்களின் படங்களும் என்னைப் போல ஓய்வு நேரத்தில் வரைபவர்களின் படங்களும் ஒரே சுவரில் மாட்டப்படும். எல்லாவற்றுக்கும் ஒரே விலை. கையெழுத்து பின்பக்கம் இருப்பதால், யார் வரைந்தது என்பது வாங்கிய பிறகுதான் தெரியும். லண்டன் ராயல் கலைக் கல்லூரி 1994 முதல் மாணவர் நிதிக்காக நடத்திப் பேர் வாங்கிய முறை இது.

நீர்வண்ணக் காகிதம் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்), முழுப் பருத்தி. 22×30 அங்குலத் தாள் ஒன்றில் அஞ்சலட்டை அளவான ஏ6 அட்டைகள் 25 வெட்டலாம். நான்கை நிறம் பார்க்க ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தேன்.

முதல் மூன்றிலும் சங்கிலிதான். கட்டிய கைகள், கம்பிக்குப் பின்னால் ஒரு நிழல், பொத்திய வாய். கைகள் நன்றாகவே வந்திருந்தன. போட்டோ எடுத்து ஒருங்கிணைப்பாளருக்கு அனுப்பினேன். மீண்டு வந்த பெண்களுக்காகப் பல வருடமாகக் காப்பகம் நடத்துகிறவர் அவர். அன்று மாலையே போன் செய்தார்.

“தப்பா எடுத்துக்காதீங்க, இதை நாங்க மாட்ட மாட்டோம். எங்க வீட்டுப் பொண்ணுங்களும் அந்த ஹாலுக்கு வருவாங்க. சுவர்ல அவங்களையே கட்டிப் போட்ட மாதிரி இருக்கக் கூடாது இல்லையா?”

காப்பகத்தை அவர் ‘வீடு’ என்றுதான் சொல்வார். “அப்போ என்ன வரையறதுங்க?” என்று கேட்டேன். “அவங்க பார்த்து நிக்கிற மாதிரி ஏதாவது வரைங்களேன்” என்றார்.

இரண்டு நாள் தூரிகையைத் தொடவில்லை. அப்போதுதான் 1787-இல் ஜோசையா வெட்ஜ்வுட் என்ற ஆங்கிலேய மட்பாண்டத் தொழிலதிபர் அடிமை வணிகத்துக்கு எதிராகச் செய்த பதக்கத்தைப் பற்றி மறுபடி படித்தேன். உள்ளங்கைக்குள் அடங்கும் பதக்கம். விலங்கிட்ட கைகளைக் கூப்பி ஒருவர் மண்டியிட்டிருப்பார். சுற்றிலும் ‘நான் மனிதனில்லையா, சகோதரனில்லையா?’ என்ற வாசகம். வெட்ஜ்வுட் அதை இலவசமாகவே கொடுத்தார். பெண்கள் கைவளையிலும் கொண்டை ஊசியிலும் பதித்து அணிந்தார்கள். 1807-இல் பிரிட்டன் அடிமை வணிகத்தைத் தடை செய்வதற்கு முந்தைய அந்த இருபது வருடப் போராட்டத்தில் அந்தச் சின்னப் பதக்கத்துக்கும் பங்கு உண்டு. சிறிய படைப்பால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன். ஆனால் அந்த மனிதர் இன்றுவரை மண்டியிட்டபடியேதான் இருக்கிறார். நான் வரைந்த கைகளும் வாங்குபவரின் இரக்கத்துக்காகவே நீண்டிருந்தன. அது எனக்குப் பிடிக்காமல் போயிற்று.

இன்னொன்றும் உறுத்தியது. ஆள்கடத்தலில் பெரும்பாலும் சங்கிலியே இருப்பதில்லை. 2000-இல் ஐ.நா. ஏற்ற, ஆள்கடத்தலைத் தடுப்பதற்கான பலெர்மோ நெறிமுறை என்ற சர்வதேச ஒப்பந்தத்தின்படி, சுரண்டுவதற்காக ஏமாற்றி வேலைக்கு ஆள் சேர்த்தாலே அது ஆள்கடத்தல். வண்டியில் தூக்கிப்போட்டுக் கொண்டுபோக வேண்டியதில்லை. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர் என்றால் ஏமாற்றியதையோ மிரட்டியதையோ காட்டக்கூடத் தேவையில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2022-இல் வெளியிட்ட மதிப்பீட்டில் கட்டாய உழைப்பில் இருப்பவர்கள் 2 கோடியே 76 லட்சம் பேர். விலங்கைத் தேடிப் பழகிய கண், பக்கத்து வீட்டு வேலையாளிடம் அடையாள அட்டையே இல்லை என்பதைக் கவனிக்காது.

அதே அமைப்பு கட்டாய உழைப்பின் அறிகுறிகளாக 11 சொல்கிறது. அடையாள ஆவணங்களைப் பிடுங்கி வைப்பது, கூலியைத் தராமல் இழுத்தடிப்பது, கடனில் கட்டிப்போடுவது, வெளியே போகவிடாமல் தடுப்பது, தனிமைப்படுத்துவது, அளவுக்கு மீறி வேலை வாங்குவது என்று போகும் அந்தப் பட்டியலை நோட்டில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே திரும்பக் கிடைக்கும் ஒரு பொருளை எழுதத் தொடங்கினேன். சொந்தப் பையில் சொந்த அடையாள அட்டை. எண்ணி வைத்த கூலி. வாசலில் கழற்றிவிட்ட செருப்பு, நினைத்தபோது மாட்டிக்கொண்டு போகலாம். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் போன். மதியத் தூக்கம் கலையாத போர்வை.

எனக்கு மிகவும் பிடித்தது தாழ்ப்பாள். பூட்டு வெளிப்பக்கம் இருந்தால் சிறை, தாழ்ப்பாள் உள்பக்கம் இருந்தால் அது என் அறை. நினைக்கச் சுலபமாக இருந்தது, வரையும்போதுதான் திண்டாட்டம். உள்பக்கம் என்று எப்படித் தெரியவைப்பது? கதவின் ஆணியில் ஒரு துப்பட்டாவைத் தொங்கவிட்டு, ஓரத்தில் கட்டில் முனையைக் காட்டிய பிறகுதான் படம் அறைக்குள் வந்தது. அதற்குள் நான்கு அட்டைகள் பாழ். பித்தளையின் பளபளப்புக்காக, வண்ணம் படாமல் காகிதத்தை மறைக்கும் மாஸ்கிங் திரவம் பூசி இரண்டு இரவு அப்படியே விட்டது என் தவறு, உரித்தபோது காகிதத்தின் மேல்தோலும் சேர்ந்து வந்துவிட்டது. பூசினால் அன்றைக்கே எடுத்துவிட வேண்டும். பழைய மரக்கதவுக்கு அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியன்னா பழுப்பும் கலந்த சாம்பல் அருமையாக அமைந்தது. நீலத் துகள் காகிதக் குழிகளில் படிந்து மரத்தின் சொரசொரப்பைத் தானே கொடுத்துவிடும்.

துப்பட்டாவின் சிவப்பை மாற்றினேன். அசல் அலிசரின் கிரிம்சன் (ட்யூபில் பிஆர்83 என்ற நிறமிக் குறி இருக்கும்) மெல்லிய பூச்சில் வெளிச்சம் பட்டு வெளுத்துப் போகும். நல்ல காரியத்துக்காக வாங்கியவர் வீட்டில் சில வருடத்தில் துப்பட்டா மங்கக் கூடாது. பிவி19 என்ற குவினாக்ரிடோன் நிறமி வெளுக்காமல் நிற்கும்.

செருப்புப் படத்தில் இரண்டு வீணானது போக, தேறியவை 12. பின்பக்கம் பென்சிலால் கையெழுத்துப் போட்டு, ஒவ்வொன்றையும் கிளாசின் என்ற வழவழப்பான தாளில் சுற்றி, அமிலமில்லாத அட்டை வைத்து அனுப்பினேன்.

ஒன்பது விற்றன. செருப்பும் போர்வையும் முதல் மணி நேரத்திலேயே போயின. இரண்டு தாழ்ப்பாள்களும் கூலியும் தங்கிவிட்டன. “கதவை ஏன் வரைஞ்சிருக்காங்கன்னு நிறைய பேர் கேட்டாங்க, எங்க பொண்ணுங்க மட்டும் கேக்கலை” என்றார் ஒருங்கிணைப்பாளர். மீதி மூன்றையும் ஆள்கடத்தலுக்கு எதிரான உலக நாளான ஜூலை 30 அன்று மறுபடி மாட்டப் போகிறார்கள். தாழ்ப்பாளுக்குக் கீழே ‘உள்பக்கம்’ என்று மட்டும் ஒரு சீட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். அடுத்த தாளையும் வெட்டிவிட்டேன். பட்டியலில் கடனுக்கு எதிரே என்ன எழுதுவது என்று இன்னும் பிடிபடவில்லை.