வீட்டிலேயே இருக்கும் குடும்பப் படங்கள்

குடும்பப் படங்களை நிறுவனங்களின் சேமிப்பகத்திலிருந்து எடுத்து வீட்டிலுள்ள ‘ராஸ்பெர்ரி பை’ என்ற சிறு கணினியில் வைப்பதென்று முடிவு செய்தபோது, மென்பொருளின் வசதிப் பட்டியலைவிட அதன் உரிமத்தையே முதலில் படித்தேன். கோப்புகளை நம் கணினியிலேயே சேமித்துப் பகிர உதவும் நெக்ஸ்ட்கிளவுடைத் தேர்ந்தெடுத்ததற்கு அதன் வரலாறும் காரணம்: 2010-இல் ஓன்கிளவுட் என்ற இதே வகை மென்பொருளைத் தொடங்கிய ஃபிராங்க் கார்லிட்செக், 2016-இல் அதிலிருந்து விலகி, அதே மூலநிரலிலிருந்து கிளைத்த இந்த மென்பொருளை உருவாக்கினார், திறந்த உரிமம்தான் அதற்கு வழிவிட்டது. ஏஜிபிஎல் எனப்படும் அந்தத் திறந்த உரிமப்படி, நிரலை மாற்றி இணையவழிச் சேவையாகத் தருபவர், மாற்றிய மூலநிரலையும் பயனர்களுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும்.

ஆனால் காப்புப்படி எடுக்கும் பொறுப்பு முழுவதும் நம்முடையதாகிவிடுகிறது. மெமரி கார்டை நம்பாமல் தரவை வெளி ஹார்டு டிஸ்கில் வைத்திருக்கிறேன். ரெஸ்டிக் என்ற காப்புப்படி மென்பொருள் மறையாக்கம் செய்த இன்னொரு படி இரவுதோறும் தம்பி வீட்டுக்குச் செல்கிறது. மாதம் ஒருமுறை அங்கிருந்து சில படங்களை மீட்டுத் திறந்து பார்க்கிறேன். சென்ற முறை வந்தவை அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணப் படங்கள்.