தோய்க்கிற நாளைத் தள்ளிப்போடும் கணக்கு

உடுப்புகளைச் சேர்த்துவைத்து மெஷின் நிறையத் தோய்த்தால் தண்ணீரும் கரண்டும் மிச்சம் என்பது உண்மைதான். ஆனால் கொழும்புத் தொடர்மாடிகளில் எத்தனை நாள் தள்ளிப்போடலாம் என்பதை மெஷின் தீர்மானிப்பதில்லை. பல்கனிக் கொடிதான் தீர்மானிக்கிறது.

7 கிலோ மெஷின் நிறைய என்றால் ஏறத்தாழ எட்டு சேர்ட், இரண்டு ஜீன்ஸ், இரண்டு துவாய், ஒரு பெட்சீட், மிச்சம் சின்ன உடுப்புகள். ஒன்றோடொன்று படாமல் காயப்போட 12, 13 மீற்றர் கொடி வேண்டும். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு சின்னப் பல்கனியில் 2 மீற்றர் நீளத்துக்கு நாலு கொடி கட்டினால் 8 மீற்றர்தான். மிச்சமெல்லாம் நெருக்கியடித்துத் தொங்கும், இல்லாவிட்டால் வாளிக்குள் கிடக்கும். பிழிந்து முடித்த பிறகும் துணியின் எடையில் பாதியளவு தண்ணீர் அதிலேயே நிற்கும். 7 கிலோவுக்கு மூன்றரை லீற்றர். தென்மேற்குப் பருவமழை நேரம் காற்றின் ஈரப்பதன் 80 வீதத்தைத் தாண்டும்போது அவ்வளவும் லேசில் போகாது. கடலோரப் பக்கம் என்றால் துணியில் படிகிற உப்பு ஈரத்தைத் திரும்ப இழுத்துக்கொள்ளும்.

ஒரு நாள் கடந்தும் காயாவிட்டால் பக்டீரியா பெருகி அந்தப் புளித்த மணம் வந்துவிடும். முழுவதையும் திரும்பத் தோய்க்க வேண்டும். சேர்த்துவைத்து மிச்சம் பிடித்தது அந்த ஒரு தடவையிலேயே போய்விடும்.

ஆகவே மழைக்காலத்தில் கொடி கொள்ளுமளவுக்கே தோயுங்கள்: அரை மெஷின், இரண்டு நாளுக்கு ஒருக்கால். மேலே திறக்கிற மெஷின் என்றால் தண்ணீர் மட்டத்தைக் கையால் குறைக்க மறக்கவேண்டாம். முழு மட்டத்தில் அது 100 லீற்றருக்கு மேல் குடிக்கும். தண்ணீர் பில்லில் ஓர் அலகு 1000 லீற்றர், அப்படிப் பத்துத் தடவை தோய்த்தாலே ஓர் அலகு போய்விடும். ஜனவரி முதல் மார்ச் வரை வெயில் கைகொடுக்கும், காலையில் காயப்போட்டதைப் பின்னேரம் எடுத்துவிட்டு மற்றதைப் போடலாம். அப்போது தாராளமாகச் சேர்த்துவையுங்கள்.

பச்சைத்தண்ணீரில் தோய்க்க ஒரு தடவைக்குக் கால் அலகு கரண்ட் போனாலே அதிகம். கவனிக்கவேண்டியது அயன். வீட்டுப் பாவனை மாதம் 60 அலகைத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே விலை கூடும். அந்த எல்லையில் நிற்கிற வீட்டில் ஈர உடுப்பை 1000 வொட் அயனால் காயவைப்பது வீண்செலவு. 50 வொட் மேசை விசிறியை இரவு எட்டு மணித்தியாலம் கொடிக்கு நேரே ஓடவிட்டாலும் 0.4 அலகுதான்.

எல்லா உடுப்பும் ஒரே மாதிரிப் பொறுக்காது. ஜீன்ஸும் பெட்சீட்டும் பத்து நாள் காத்திருக்கும். வேர்வைச் சேர்ட்டுக்கு இரண்டு மூன்று நாள். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையின் கொலர் இன்னும் மோசம்: கழுத்தின் எண்ணெய்ப்பிசுக்கு காற்றுப்பட்டுக் கிடந்தால் மஞ்சளாகி நூலோடு ஒட்டிவிடும். அன்று பின்னேரமே கொலரை மட்டும் நனைத்து, கட்டிச் சவர்க்காரம் தேய்த்து, அலசித் தொங்கவிட்டால் முழுத் தோய்ப்பு வார இறுதி வரை காத்திருக்கலாம். நனைந்த துவாய், சொக்ஸ் ஒரு இரவுகூடக் கூடைக்குள் இருக்கக்கூடாது. கதிரை முதுகிலாவது விரித்துக் காயவிட்டுத்தான் கூடைக்குள் போடவேண்டும். கூடையும் ஓட்டைகள் உள்ளதாக இருக்கட்டும்.

கிலோக் கணக்கில் தோய்த்துத் தரும் கடைக்கு மழை நேரம் எதையாவது கொடுப்பதென்றால் பெட்சீட்டைக் கொடுங்கள். எடை ஒரு கிலோ வராது, ஆனால் வீட்டில் ஒரு முழுக் கொடியையே பிடித்துக்கொள்ளும்.

மணம் பிடித்துவிட்ட பருத்தித் துணிக்குச் சவர்க்காரத்தூளைக் கூட்டிப் போட்டுப் பயனில்லை. கொதித்த தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் சரிபாதி கலந்தால் 60 பாகைக்குச் சற்று மேல் வரும். அதில் ஒட்சிசன் வெளுப்புத்தூளைக் கரைத்து அரை மணித்தியாலம் ஊறவிட்டுத் தோயுங்கள். கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சணம் பிடித்துவிட்டால் குளோரின்தான் வேண்டும், அதுவும் வெள்ளைப் பருத்திக்கு மட்டும். பட்டிலும் கம்பளியிலும் ஒரு துளியும் படவிடக்கூடாது.