வாழ்ந்திருக்கவும் தெரிய வேண்டும்

அம்மா உலையில் அரிசி போடுவதற்கு முன் சுளகிலிருந்து ஒரு பிடி அள்ளி, அடுப்படி மூலையில் தொங்கும் ஓலைக் கொட்டானில் போடுவாள். அதற்குப் பிறகுதான் அரிசியைக் களைவாள். எங்கள் பக்கத்துச் சபைகளில் இதற்குக் கைப்பிடி அரிசி என்று பெயர். மாதத்தின் முதல் ஞாயிறு கொட்டானைக் கோயிலுக்குக் கொண்டுபோய், வாசலில் இருக்கும் பெரிய பெட்டியில் கொட்டிவிட்டு வருவார்கள். 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கிய கதையை ஞாயிறு பள்ளியில் உபதேசியார் சொல்லும்போதெல்லாம், அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான அசரியா நம் வெள்ளாளன்விளைக்காரர், 1912இல் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்குப் பேராயரானவர் என்று குரலை உயர்த்திச் சொல்வார். நாம் போடும் பிடி அரிசி அந்தத் தூரத்து ஊழியத்துக்குப் போய்ச் சேர்கிறது என்பார். எங்கள் அரிசி ரயிலேறி தோர்ணக்கல்லுக்குப் போவதாகவே நான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

அப்பா பனையேறி. காலையிலும் மாலையிலுமாக ஏறத்தாழ நாற்பது மரம் ஏறி இறங்குவார். பங்குனியில் பாளை சீவத் தொடங்கினால் ஆடி வரைக்கும் வீட்டில் காசு நடமாடும். விடிலியில் பதநீர் கொதிக்கும் வாசனையும், சிரட்டையில் ஊற்றி ஆறவைத்த கருப்பட்டியும், கடனில் ஒரு பகுதி அடைந்த நிம்மதியும் அந்த மாதங்களுக்கே உரியவை. சீசன் கழிந்ததும் எல்லாம் தலைகீழாகும். ஐப்பசி, கார்த்திகையில் அடுத்த வருஷக் கருப்பட்டிக்கு இப்போதே வியாபாரியிடம் முன்பணம் வாங்கித்தான் அடுப்பு எரியும். தாழ்வும் வாழ்வும் எங்கள் வீட்டுக்கு வருஷந்தோறும் முறைவைத்து வந்துபோகும். அந்தக் கொட்டான் மட்டும் இரண்டு காலத்திலும் ஒரே ஆணியில் தொங்கியது.

எனக்கு ஒன்பது வயது இருக்கும். ஒரு கார்த்திகை மாத மழை நாள். பானையில் அரை உழக்குக்கும் குறைவாகத்தான் அரிசி இருந்தது. நாங்கள் ஐந்து பேர். அம்மா வழக்கம்போல ஒரு பிடி அள்ளிக் கொட்டானில் போட்டாள். எனக்குக் கோபம் பொங்கிவிட்டது. "நமக்கே இல்லை, அதையும் ஏன் எடுத்துப் போடுகிறாய்?" என்று கத்தினேன். அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "படியளக்கிறவருக்குத் தெரியாதா ஐயா? நீ போய்ப் படி" என்றாள். அன்றிரவு எங்கள் நான்கு பேருக்கும் சோறு இருந்தது. அவள் கஞ்சித்தண்ணீரில் உப்புப் போட்டுக் குடித்துவிட்டுப் படுத்தாள். கொட்டானில் போட்ட பிடி அவளுடைய பங்கிலிருந்து போனது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அப்பா மரத்திலிருந்து விழுந்ததும், இரண்டு வருஷம் கட்டிலில் கிடந்து போனதும், பத்தாம் வகுப்போடு நான் தூத்துக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்ததும் பனங்காட்டு ஊர்களில் பலருக்கும் நடந்ததுதான். அந்த வருஷங்களில் ஜெபிக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கடையின் மாடியில், துணி மூட்டைகளுக்கு நடுவே படுத்துக்கொண்டு, நாளைக்குக் காலைச் சாப்பாட்டையே கேட்டு ஜெபித்திருக்கிறேன். கிடைத்தபோது யார் கொடுத்தார் என்பதில் சந்தேகம் வந்ததில்லை.

1998இல் ஏரலில் சொந்தமாக ஒரு சிறிய கடை போட்டேன். அது வளர்ந்தது. பக்கத்துக் கடையையும் எடுத்தேன். தேரி மண்ணில் மேடான இடம் பார்த்து மாடி வீடு கட்டினேன். சபையில் கமிட்டிக்கு வந்தேன். சபையார் எல்லோரும் சேர்ந்து உண்ணும் அசனப் பண்டிகைக்கு ஒரு வருஷம் முழு அரிசியும் என் பொறுப்பு. ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொன்னார்கள். கைப்பிடி அரிசிக்குப் பதிலாக மாதம் 500 ரூபாயைக் கவரில் போட்டுக் கொடுத்துவிடலாம் என்று நான்தான் மனைவியிடம் சொன்னேன். புது வீட்டு அடுப்படியில் கொட்டான் தொங்க ஆணி அடிக்கவில்லை. அது பரணுக்குப் போனது.

இதில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். செல்வம் வந்ததும் காணிக்கை கொடுப்பதை நான் நிறுத்தவில்லை. முன்பைவிட அதிகமாகவே கொடுத்தேன். நின்றுபோனது கேட்பது. "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்று ஞாயிறுதோறும் எல்லோரோடும் சேர்ந்து சொன்னேன். ஆனால் வீட்டில் ஆறு மாதத்துக்கான பொன்னி அரிசி மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்தது. அந்த வார்த்தை வாயைத் தாண்டி உள்ளே இறங்கவில்லை. என் சாமர்த்தியமும் என் கைப்பெலனும் இந்த ஐசுவரியத்தை எனக்குச் சம்பாதித்தது என்று இருதயத்தில் சொல்லிக்கொள்ளாதே என்று உபாகமம் எட்டாம் அதிகாரத்தில் மோசே எச்சரிக்கிறார். நான் அதை வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. இருதயம் சொல்லிக்கொண்டே இருந்தது.

அம்மா 2016இல் காலமானாள். கட்டிலுக்கு அடியிலிருந்து சாமான்களை எடுத்தபோது ஒரு பழைய பிஸ்கட் டின் அகப்பட்டது. அதில் முக்கால்வாசி அரிசி, வண்டு விழுந்திருந்தது. அடுப்படியில் அவளுக்கு வேலை இல்லாமல் போன பிறகும், மனைவி அரிசி அளக்கும் நேரம் பார்த்து வந்து ஒரு பிடி வாங்கிக்கொண்டு போவாளாம். எனக்கு அது தெரியாது. அந்த அரிசியைக் கோயில் பெட்டியில் சேர்த்துவிட்டுக் கண்ணீரோடு வந்தேன். பிறகு மறந்தும்விட்டேன்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்மஸுக்கு எட்டு நாள். எங்கள் பகுதியில் ஜவுளிக்கடைக்காரனுக்கு வருஷத்தின் பாதி வியாபாரம் அந்த வாரத்தில்தான். ஈரோட்டிலிருந்தும் சூரத்திலிருந்தும் கடனுக்கு 38 லட்சம் ரூபாய்ச் சரக்கு இறக்கியிருந்தேன். அன்று பெய்த மழையை இந்த மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. குளங்கள் உடைந்தன. தாமிரபரணி கரை தாண்டி வந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நூற்றுக்கணக்கான பயணிகளோடு நகர முடியாமல் நின்றது. ஏரல் தண்ணீருக்குள் போயிற்று. மின்சாரம் இல்லை, போன் இல்லை. நான்காம் நாள்தான் கடைக்குப் போய்ச் சேர முடிந்தது.

ஷட்டர் சேற்றில் இறுகியிருந்தது. மூன்று பேர் கடப்பாரை போட்டு நெம்பியதில் இடுப்பளவு உயர்ந்தது. உள்ளே குனிந்து நுழைந்தேன். முதலில் நாற்றம். பிறகு டார்ச் வெளிச்சத்தில் தரை முழுவதும் சிவப்பு. பட்டுப்பாவாடைகளின் சாயம் கரைந்து, வண்டலோடு கலந்து, கன்றுக்குட்டி அறுத்த இடம்போலக் கிடந்தது. குழந்தைகளின் வெள்ளைக் கவுன்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பாளமாகிவிட்டன. ஒன்றைப் பிரித்து எடுக்கப் பார்த்தேன். கழுத்தில் தைத்திருந்த சிறிய ரோஜாப்பூ மட்டும் கையோடு வந்தது.

ஜெபிக்க வாய் வரவில்லை. எத்தனையோ பேருக்கு ஆறுதல் வசனம் சொன்னவன் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வசனமும் ஞாபகத்துக்கு வரவில்லை.

மதியம் பக்கத்து ஊரிலிருந்து சபைப் பெண்கள் சிலர் டிராக்டரில் அண்டாவோடு வந்தார்கள். அதற்கு முன்தினம் பள்ளிவாசல் வளாகத்தில் ஆக்கிய சோறு எங்கள் தெருவுக்கு வந்ததாகச் சொன்னார்கள். இன்று இவர்கள். கடைக்காரர்கள், கூலிக்காரர்கள், வீடு இழந்தவர்கள் எல்லோரும் வரிசையில் நின்றோம். என் கையிலும் ஒரு தட்டு. என்னை அடையாளம் கண்ட ஒரு அக்கா, "அண்ணாச்சி, நீங்கள் ஏன் வரிசையில் நிற்கிறீர்கள்? உட்காருங்கள், கொண்டுவந்து தருகிறேன்" என்றார். வேண்டாம் என்று நின்றேன். பல நிறத்தில், பல பருமனில் கலந்த சோறு. புழுங்கல், பச்சை, ரேஷன் அரிசி எல்லாம் சேர்ந்து, சில பருக்கை குழைந்து, சில வேகாமல். ஏன் இப்படி என்று கேட்டேன். "இந்த மாதக் கைப்பிடி அரிசி, அண்ணாச்சி. சங்கத்துக்கு அனுப்ப வைத்திருந்தோம். போதகர் ஐயரிடம் கேட்டுவிட்டு உலையில் போட்டுவிட்டோம்" என்றார்.

நான் போடாமல் நிறுத்திய அரிசி. வீட்டில் பாதிக்குப் பாதி ரேஷன் அரிசி தின்கிற பெண்கள் போட்ட அரிசி. அந்தச் சோற்றை வாயில் வைத்தபோதுதான் அந்த வாரத்தில் முதல்முறையாக அழுதேன். அங்கேதான் ஜெபமும் வந்தது. இரண்டே வார்த்தை: ஆண்டவரே, பசிக்கிறது.

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து, புது வருஷத்துக்கென்று வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை ஒன்றை எடுத்தேன். "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்று வந்தது. பிலிப்பியர் 4:13. காலண்டரிலும் கார்க் கண்ணாடியிலும் எத்தனையோ முறை பார்த்த வசனம். பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளுக்கும், புதுக்கடை திறப்பவர்களுக்கும் நாமே எழுதிக் கொடுக்கிற வசனம். வீட்டுக்கு வந்து அம்மாவின் வேதாகமத்தில் அந்த அதிகாரத்தை முழுவதும் வாசித்தேன். அட்டையில் அச்சாகாத முந்திய வசனத்தின் அடியில் அம்மா பென்சிலால் கோடு போட்டிருந்தாள்: "தாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும், வாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும்."

பவுல் பிலிப்பி சபைக்கு இந்தக் கடிதத்தை எழுதியது சிறையில் கட்டப்பட்டிருந்த நிலையில். வெற்றி பெற்றவரின் முழக்கமாக அவர் எழுதவில்லை. பிலிப்பியில் இருந்த விசுவாசிகள் எப்பாப்பிரோதீத்துவின் கையில் உதவி கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். அது வந்து சேர்ந்தது என்று நன்றி சொல்லும் இடத்தில்தான் இந்த வரி வருகிறது. பெலனுண்டு என்று சொன்னவர் பிறர் கையிலிருந்து வாங்கிக்கொண்டவர். அண்டாவின் முன் தட்டேந்தி நின்றதற்குப் பிறகுதான் எனக்கு இது விளங்கியது. அதைவிட என்னைத் தைத்தது, மனரம்மியமாயிருக்கக் "கற்றுக்கொண்டேன்" என்றும் "போதிக்கப்பட்டேன்" என்றும் அவர் சொல்வது. தாழ்ந்திருப்பதை எனக்கு அம்மா ஒன்பது வயதிலேயே போதித்துவிட்டாள். வாழ்ந்திருப்பதையும் அவள் சொல்லிக்கொடுக்கத்தான் பார்த்தாள், அந்தப் பிஸ்கட் டின்னோடு. நான் கற்றுக்கொள்ளவில்லை.

வெள்ளம் என் பெருமைக்குக் கிடைத்த தண்டனை என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அதை நான் ஏற்கவில்லை. அதே தண்ணீரில் குடிசையோடு ஆட்டையும் இழந்த விதவை என்ன பெருமை கொண்டாள்? இழந்ததெல்லாம் யோபுவைப் போல இரட்டிப்பாகக் கிடைத்தது என்று சாட்சி சொல்லும்படி இன்னொரு கூட்டத்தில் கேட்டார்கள். அதையும் சொல்ல மாட்டேன். இரட்டிப்பாகக் கிடைக்கவில்லை. 2024 ஈஸ்டருக்கு முந்திய வாரம் பாதிக் கடையைத் திறந்தேன். மொத்த வியாபாரிகளில் ஒருவர் தவணை கொடுத்தார், இன்னொருவர் கொடுக்கவில்லை. காரை விற்றேன். கடன் இன்னும் இருக்கிறது. கர்த்தர் என்னோடு இருந்தார் என்பதற்கு என் கணக்குப் புத்தகத்தைச் சாட்சியாக நிறுத்த எனக்கு மனமில்லை.

இதை இப்போது எழுதக் காரணம், சென்ற கிறிஸ்மஸுக்கு வியாபாரம் நன்றாக நடந்தது. கடையில் கூட்டம் நிற்க இடமில்லை. கடைசி நாள் இரவு பணத்தை எண்ணிக் கட்டும்போது உள்ளே பழைய குரல் எழுந்ததைக் கேட்டேன். சூரத்துக்குப் போய் நீதானே பார்த்துப் பார்த்து வாங்கினாய் என்றது. வெள்ளத்தின்போது வராத பயம் அப்போது வந்தது. வாசிக்கிறவர்கள் எனக்காக ஜெபிக்கும்போது கடன் அடைய வேண்டும் என்று மட்டும் ஜெபிக்காதீர்கள். அடைந்த பிறகு எனக்கு என்ன ஆகும் என்பதற்காகவும் ஜெபியுங்கள்.

பரணில் கிடந்த கொட்டானை இறக்கிப் பார்த்தோம். அடிப்பக்கம் பூச்சி அரித்திருந்தது. உடன்குடிச் சந்தையில் புதியது ஒன்று வாங்கி வந்தேன். வழவழப்பான அடுப்படிச் சுவரில் ஆணி இறங்க மறுத்ததால் டிரில் போட ஆள் அழைத்தோம். மனைவியின் கை அம்மாவின் கையைவிடச் சிறியது. அதனால் அவள் ஒரு பிடி போட்டதும் நானும் ஒரு பிடி போடுகிறேன். போடும்போது, எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று தாரும் என்று சத்தமாகவே சொல்கிறேன். பக்கத்தில் அரிசி மூட்டை இருக்கும்போதுதான் அதைச் சொல்லிப் பழக வேண்டியிருக்கிறது. இந்த ஞாயிறு மாதத்தின் முதல் ஞாயிறு. கொட்டான் கழுத்துவரை வந்திருக்கிறது.