ஏக்கருக்கு எத்தனை மூடை?

"அண்ணை, ஏக்கருக்கு எத்தனை மூடை வரும்?" வரம்பில் நின்று லொறிக்காரர் கேட்டார்.

பெரியப்பா யோசிக்கவே இல்லை. "இருபத்தைஞ்சு."

பக்கத்து வயல்காரர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "இருபதுக்குக் குறையாது, முப்பதைத் தாண்டாது" என்றார்.

லொறிக்காரர் பெரியப்பாவின் எண்ணைத்தான் கொப்பியில் எழுதினார். ஒற்றை எண் என்றால் எல்லோருக்கும் வசதி.

புள்ளிவிபரவியலில் பெரியப்பா சொன்ன ஒற்றை எண் புள்ளி மதிப்பீடு, பக்கத்து வயல்காரர் சொன்ன 'இதிலிருந்து இதுவரை' ஆயிடை மதிப்பீடு. (எத்தனை வீத நம்பிக்கை என்று பக்கத்து வயல்காரரிடம் கேட்டால் ஏச்சுத்தான் விழும்.)

வயலில் சில துண்டுகளை மட்டும் வெட்டி, நிறுத்து, இடை (சராசரி) எடுத்தால் கிடைப்பது புள்ளி. வேறு துண்டுகளை வெட்டினால் வேறு எண் வரும். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் வாய்க்கால் தலைப்பில் பாய்வது போலக் கடைசியில் பாய்வதில்லையே. எவ்வளவு மாறும் என்பதை ஒற்றை எண் சொல்லாது. ஆயிடை சொல்லும்.

1930களில் புள்ளிவிபரவியலாளர் ஜெர்சி நெய்மன் வகுத்த நம்பிக்கை ஆயிடையில்தான் பலர் சறுக்குவது. 95% நம்பிக்கை ஆயிடை என்றால், கையிலுள்ள இந்த ஆயிடைக்குள் உண்மை விளைச்சல் இருக்க 95% வாய்ப்பு என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல. இதே முறையில் திரும்பத் திரும்ப மாதிரி எடுத்தால், கிடைக்கும் ஆயிடைகளில் 100க்கு 95 அளவில் உண்மையை உள்ளடக்கும். நம்பிக்கை, முறையின் மேல்தான்.

சரி, ஆயிடையை ஒடுக்க முடியாதா? முடியும். அகலத்தைப் பாதியாக்க ஏறத்தாழ 4 மடங்கு துண்டுகள் வெட்ட வேண்டும்.

அறுவடை நேரத்தில் அதற்கு ஆள் எங்கே?