ரேகை தேய்ந்த கையும் வங்கி ஆப்பும்

தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல் போடும் வேலையில் எனக்கு இது ஆறாவது வருஷம். கண்ணாடி மேல் அச்சை வைத்து வண்ணக் குழம்பை ஊற்றுகிறவரை பார்க்க அழகாக இருக்கும். அப்புறம் சிமென்டும் மணலும்தான். அதில் விரல் ரேகை தேய்ந்துவிட்டது. ரேஷன் கடையில் நாலு தடவை அழுத்தினால் ஒரு தடவை விழும்.

போன மாதம் புது போன் வாங்கினேன். விரலை ஏற்கவில்லை, முகத்தைக் காட்டினால் டக்கென்று திறந்தது. அப்பாடா என்றிருந்தது. ஆனால் வங்கி ஆப்புக்குள் போனால் கைரேகை, இல்லாவிட்டால் பின் நம்பர் என்கிறது. முகம் என்ற பேச்சே இல்லை. போனில்தான் கோளாறு என்று கடைக்காரரிடம் சத்தம்கூடப் போட்டேன்.

காரைக்குடியில் போன் ரிப்பேர் செய்யும் நண்பன்தான் விளக்கினான். விலை குறைந்த போன்களில் முன் கேமரா முகத்தைத் தட்டையான படமாகத்தான் பார்க்குமாம். போட்டோவைக் காட்டியே சிலதை ஏமாற்றிவிடலாமாம். அதனால் பணம் சம்பந்தப்பட்ட ஆப்புகளுக்கு ஆண்ட்ராய்டு அந்த முக அடையாளத்தைக் கொடுப்பதில்லை. 2017-ல் வந்த ஐபோன் எக்ஸ் வேறு ஜாதி. கண்ணுக்குத் தெரியாத 30,000-க்கும் மேற்பட்ட புள்ளிகளை முகத்தில் வீசி மேடு பள்ளத்தை அளக்கும். அதன் விலைக்கு நான் ஒரு வீட்டுக்கே கல் போட்டுவிடுவேன்.

அதோடு முடியவில்லை. பணம் அனுப்பும் முன் புது போனை ஆப்பில் பதிய, அந்த ஆப்பே கேமராவைத் திறந்து என் முகத்தைக் கேட்டது. அன்று சனிக்கிழமை, கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டில் வேலை, ஆட்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும். முகப்பில் நின்று வட்டத்துக்குள் முகத்தை வைத்து, சொன்னபடி கண்ணை இமைத்தேன். தோல்வி. மேலே இருந்த வண்ணக் கண்ணாடி வழியாக விழுந்த வெளிச்சத்தில் என் கன்னம் பச்சையாக இருந்தது! உள்முற்றமான வளவுக்குப் போய் மறுபடி இமைத்தேன். தூணோரம் உட்கார்ந்திருந்த வீட்டு ஆச்சி கேட்டார், “யாருக்கு தம்பி கண்ணடிக்கிறீக?”

விஷயத்தைச் சொன்னேன்.

“மூஞ்சியெல்லாம் சிமென்டு. கழுவிட்டு வாங்க.”

கழுவினேன். எடுத்துக்கொண்டது.

என் வயசுப் பையன்கள் முகம் என்றால் யோசிப்பதே இல்லை, வரிசையில் நிற்காமல் இருந்தால் போதும். நானும் அப்படித்தான் காட்டினேன். பிறகுதான் உறைத்தது. போனைத் திறக்கும் முகம் போனுக்குள்ளேயே இருக்கும். பதிவுக்குக் கேட்கும் முகம் வெளியே போய், ஏற்கெனவே அங்கிருக்கும் படத்தோடு ஒத்துப் பார்க்கப்படும். இரண்டுக்கும் ஒரே மாதிரி தலையாட்டியிருக்கக் கூடாது. எங்கே போகிறது, எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று அந்தத் திரையிலேயே ஒரு வரி போட்டிருக்கலாம்.

2025 அக்டோபரிலிருந்து யுபிஐயில் 5,000 ரூபாய் வரை பின் போடாமல், போனில் இருக்கும் கைரேகையோ முகமோ காட்டி அனுப்ப வழி வந்திருக்கிறது. என் விரலுக்கும் என் போனுக்கும் அது ஆகாது.

அன்று சாயங்காலம் நாலு பேருக்குக் கூலி அனுப்பினேன். ஒவ்வொரு தடவையும் வேட்டியில் விரலைத் துடைத்து, பின் நம்பரைத் தட்டித்தான்.