வொர்க்கர்ஸ் காம்ப் கைவிரித்த பிறகு பில்களை என்ன செய்தோம்

எச்-4 (எச்-1பி விசாவில் வேலை செய்பவரின் துணைக்கான விசா) வேலை அனுமதி கைக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்ட் பக்கம் ஒரு கிடங்கில் சேர்ந்தார். ஊரில் மெக்கானிக்கல் இன்ஜினியர், இங்கே பெட்டி அடுக்கும் வேலை, சரி, சும்மா இருப்பதற்கு இது பரவாயில்லை என்றார். ஒரு நாள் பெட்டி தூக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டு எமர்ஜென்சி, எம்ஆர்ஐ, பிசியோதெரபி என்று போயிற்று. வேலையில் அடிபட்டால் செலவைத் தருவதற்காக முதலாளி எடுக்கும் இன்ஷூரன்ஸ்தான் வொர்க்கர்ஸ் காம்ப். அதைக் கேட்கும் டிடபிள்யூசி-1 படிவம் எல்லாம் முறையாகத்தான் கொடுத்தோம். கடைசியில், இது பழைய முதுகுவலி, வேலையால் வந்ததில்லை என்று காம்ப் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடமிருந்து மறுப்புக் கடிதம் வந்தது.

அதுவரை வீட்டுக்கு ஒரு பில்கூட வந்ததில்லை. கடிதம் வந்த கையோடு ஆஸ்பத்திரி தனியாக, டாக்டர் தனியாக, ஸ்கேன் எடுத்த இடம் தனியாக என்று ஆளாளுக்கு அனுப்ப ஆரம்பித்தார்கள். கலிஃபோர்னியாவில் கிளெய்ம் நிலுவையில் இருப்பது தெரிந்தால் டாக்டரோ ஆஸ்பத்திரியோ தொழிலாளியிடம் நேரடியாகப் பணம் கேட்கக் கூடாது, எழுத்தில் மறுப்பு வந்த பிறகுதான் கேட்கலாம், அதனால்தான் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழுந்தது.

பில்லைப் பார்த்து பயந்துபோய் உடனே கார்டைத் தேய்த்துவிடாதீர்கள். முதலில் எல்லாவற்றையும் சிகிச்சை நடந்த தேதிப்படி இரண்டாகப் பிரியுங்கள். படிவம் கொடுத்த பிறகு, கிளெய்மை ஏற்கிறோமா இல்லையா என்று முடிவு சொல்லும் வரைக்கும், 10,000 டாலர் வரையிலான சிகிச்சைக்கு அனுமதி தர வேண்டியது முதலாளி தரப்பின் கடமை. பிறகு மறுத்துவிட்டார்கள் என்பதற்காக அந்தக் காலத்துப் பில் நம் தலையில் வராது. எங்களுக்கு வந்ததில் பெரிய பில்லே அந்தத் தேதிக்குள்தான் இருந்தது. கிளெய்ம் எண்ணை எழுதி, இதை காம்ப் கம்பெனிக்கு அனுப்புங்கள் என்று பில்லிங் ஆபீசுக்குக் கடிதம் போட்டோம். போனில் சொன்னால் அடுத்த மாதம் வேறொருவர் எடுத்து மறுபடி முதலிலிருந்து கேட்பார், அதனால் எழுத்தில்தான்.

மறுப்புக்குப் பிந்தைய பில்களுக்கு என் ஆபீஸ் மூலம் இருக்கும் மெடிக்கல் இன்ஷூரன்ஸ். வேலையில் பட்ட அடிக்கு நாங்கள் தரமாட்டோம் என்று முதலில் அவர்களும் தள்ளிவிட்டார்கள். ஆக, இவர்களுக்கு இது வேலைக் காயம், அவர்களுக்கு இது வேலைக் காயமே இல்லை! காம்ப் கம்பெனியின் மறுப்புக் கடிதத்தின் நகலை இணைத்து, விபத்து பற்றி மெடிக்கல் இன்ஷூரன்ஸ்காரர்கள் அனுப்பும் கேள்வித்தாளையும் நிரப்பி மேல்முறையீடு செய்த பிறகுதான் கொடுத்தார்கள். நாளைக்கு காம்ப் கேஸில் நாம் ஜெயித்தால், கொடுத்த பணத்தைக் கேட்டு அவர்கள் அங்கே லியன் (கேஸ் பணத்திலிருந்து தங்களுக்குத் தர வேண்டும் என்ற உரிமைக் கோரிக்கை) போட்டு எடுத்துக்கொள்வார்கள். இன்ஷூரன்சே இல்லாதவர்கள் ஆஸ்பத்திரியில் நிதி உதவி விண்ணப்பம் கேளுங்கள். வருமானம் ஃபெடரல் வறுமைக் கோட்டின் 400 சதவீதத்துக்குள் இருந்தால் கலிஃபோர்னியா ஆஸ்பத்திரிகள் தள்ளுபடிக்குப் பரிசீலித்தே ஆக வேண்டும். குறைந்த வருமானக்காரர்களுக்கான மாநில மருத்துவ உதவியான மெடி-கால் கிடைக்குமா என்றும் பார்த்துவிடுங்கள்.

பில்லை இப்படிச் சமாளித்தாலும் கேஸை விடவில்லை. பொதுவாக அடிபட்ட நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் வொர்க்கர்ஸ் காம்ப் மேல்முறையீட்டு வாரியத்தில் விண்ணப்பம் போட வேண்டும். மாநில அலுவலகங்களில் தகவல் உதவி அதிகாரிகள் இருக்கிறார்கள், காசு வாங்குவதில்லை. எங்களுக்கு ஓக்லாந்து அலுவலகத்தில் பொறுமையாகவே சொல்லித் தந்தார்கள். வக்கீலுக்கும் முன்பணம் கிடையாது, கிடைக்கும் தொகையில் நீதிபதி ஒப்புக்கொள்ளும் பங்குதான்.

கேஸ் போட்டால் விசாவுக்கு ஆபத்து என்று நம்மாட்கள் நிறையப் பேர் பயமுறுத்தினார்கள். இந்த மாநிலத்தில் குடியேற்ற நிலை எதுவானாலும் காயம்பட்ட தொழிலாளிக்கு இந்த உரிமை உண்டு. கிளெய்ம் போட்டதற்காக வேலையை விட்டுத் தூக்குவதும் சட்டவிரோதம்.

இப்போது, காயம் வேலையால் வந்ததா என்று பார்த்துச் சொல்ல மாநிலப் பட்டியலில் வந்த மூன்று மருத்துவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவருடைய பரிசோதனைக்குக் காத்திருக்கிறோம். அறிக்கை எங்கள் பக்கம் வந்து கேஸும் ஜெயித்தால் கையிலிருந்து கட்டிய காப்பே (இன்ஷூரன்ஸ் இருந்தாலும் நாம் கட்டும் பங்கு), மருந்துச் செலவு, டாக்டரிடம் போய்வந்த மைலுக்கான பணம்கூடக் கேட்கலாம். அதனால் வீட்டுக்காரர் ஒவ்வொரு முறையும் காரை எடுக்கும் முன் மைல் மீட்டரைப் படம் பிடித்துக்கொள்கிறார்.